வால்வை வணங்கலாம், லோரியில் ஏற்ற வேண்டாம்

மலாக்காத் தமிழ் மேடையில் கிட்டார் வாசிப்பவருக்கு ஒரே இரவில் ஐந்தாறு குரல் தேவைப்படுகிறது. சாமி பாட்டில் தொடங்கும் நிகழ்ச்சி, அரை மணி நேரத்தில் ‘இளைய நிலா’வுக்கு வந்துவிடும். 1982-இல் அந்தப் பாட்டுக்கு ஆர். சந்திரசேகர் வாசித்த கிட்டாரை மீட்டல் பிசகாமல் எதிர்பார்க்கும் கூட்டம் இது. அடுத்து ரகுமானின் தொண்ணூறுகள் வரும். பின்வரிசை இளைஞர்கள் யோகி பி, நட்சத்திரா குழுவின் 2006-ஆம் ஆண்டு ‘வல்லவன்’ தொகுப்பிலிருந்து ஒன்றைக் கேட்டுக் கூச்சலிடுவார்கள். இரவு முற்றியதும் அனிருத். அதற்கு கிட்டார் உறும வேண்டும். ஜாசின் பக்கத்துத் தோட்டக் கோயில் திருவிழாவோ, ஆயர் குரோ மண்டபத்துக் கல்யாண விருந்தோ, பட்டியல் பெரிதாக மாறுவதில்லை.

இந்த மேடைக்கு வால்வு ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) சரிப்பட்டு வராது. ஆம்ப்களின் ஒலியைக் கணக்குப் போட்டுப் போலச் செய்யும் டிஜிட்டல் கருவிதான் இதற்குப் பொருத்தம். கிட்டார்காரர்கள் கூடும் இடத்தில் இதைச் சத்தமாகச் சொன்னால் சண்டை வரும். ‘டியூப் சத்தம் மாதிரி வராது’ என்று ஒருவராவது பெருமூச்சு விடுவார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அந்த உண்மை எதுவரை செல்லும் என்பதில்தான் வழக்கு.

வால்வு அல்லது டியூப் என்பது காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழல். உள்ளே ஓர் இழை சூடேறினால் எலக்ட்ரான்கள் கிளம்பி எதிரே உள்ள தகட்டுக்கு ஓடும். நடுவில் இருக்கும் கம்பி வலையில் சிறு மின்னழுத்தம் கொடுத்து அந்த ஓட்டத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். கிட்டாரிலிருந்து வரும் நலிந்த மின்துடிப்பு இப்படித்தான் பெருக்கப்படுகிறது. அமெரிக்கர் லீ டி ஃபாரஸ்ட் 1906-இல் செய்த வேலை இது. 1947-இல் டிரான்சிஸ்டர் பிறந்தபின் ரேடியோ, டெலிவிஷன், கணினி எல்லாமே வால்வைக் கைவிட்டன. கிட்டார்காரர்கள் மட்டும் விடவில்லை.

அதற்குக் காரணம் வால்வின் குறைதான். தாங்கும் அளவுக்கு மேல் ஒலியை ஏற்றும்போது, எளிய டிரான்சிஸ்டர் சுற்று அலையின் தலையைக் கத்தரித்து எறிந்துவிடும். காதுக்கு அது குத்தும் இரைச்சல். வால்வு அப்படிச் செய்யாது. அலையின் முனையை மெல்ல மெல்ல மழுக்கும். கம்பியை மெதுவாகத் தொட்டால் தெளிவாகவும், அழுத்தி மீட்டினால் கரகரத்தும் பேசும். வலுவாக அடித்தால் மின்வழங்கி ஒரு கணம் தளர்ந்து மீள்வதால் ஒலி அமுங்கி மலரும். வாசிப்பவரின் விரலுக்கு ஆம்ப் பதில் சொல்கிறது. டியூப் பக்தர்கள் சொல்லும் ‘ஃபீல்’ இதுதான், கற்பனை கிடையாது.

இந்த ஒலி மலாயாவுக்கு வந்த பாதை சுவையானது. 1961-இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூரில் வந்து வாசித்தார்கள். அதன்பின் தீபகற்பம் முழுக்க ஊருக்கு ஊர் கிட்டார் குழுக்கள் முளைத்தன. மலாய்க்காரர்கள் அதற்கு ‘கூகிரான்’ என்றும், அந்தப் பாட்டு வகைக்கு ‘பாப் யே யே’ என்றும் பெயர் வைத்தார்கள். ஷேடோஸின் மணிமணியான ஒலிக்குப் பின்னால் இருந்தது வோக்ஸ் ஏசி30 என்ற பிரிட்டிஷ் வால்வு ஆம்ப். லண்டனில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், ஃபெண்டர் கம்பெனியின் பாஸ்மேன் ஆம்பைப் பார்த்து, கையில் கிடைத்த உதிரிகளைக் கொண்டு 1962-இல் தன்னுடையதைச் செய்தார். இன்று ‘அசல் ராக் ஒலி’ என்று கொண்டாடப்படும் மார்ஷல், பிறக்கும்போதே ஒரு நகல்தான். டிஜிட்டலை நகல் என்று தள்ளுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அந்த அலையின் தொடர்ச்சியில் தமிழர்களும் இருந்தார்கள். பினாங்கில் பிறந்த ஆறுமுகம் சகோதரர்கள் டேவிட்டும் லோகநாதனும் நடத்திய எல்லிகேட்ஸ் குழு, மலாய்ப் பாட்டுகளால் நாடு முழுவதையும் கட்டிப்போட்டது. தோட்டத்து லயத்தில் கிட்டார் பழகிய பல பையன்களுக்கு அந்தச் சுருட்டை முடிக்காரர்கள் ஒரு தைரியம்.

மலாக்காவுக்கும் இந்த வழக்குக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. அது பத்து பிரண்டாமில் இருக்கிறது; ஆனால் கதை ரப்பரில் தொடங்குகிறது.

மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சே யான் என்பவர் போட்டது. அடுத்து அவர் புக்கிட் அசாஹானில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் ரப்பர் நட்டார். இந்த மாநிலத்தில் பால்மரம் வெட்டிய தமிழ்க் குடும்பங்களின் கதை அங்கிருந்து விரிகிறது. 1973-இல் சீமென்ஸ் கம்பெனி பத்து பிரண்டாம் தடையற்ற வணிக வட்டாரத்தில் சில்லுத் தொழிற்சாலையைத் திறந்தது; இன்று அது இன்ஃபினியன். எழுபதுகளிலேயே நேஷனல் செமிகண்டக்டரும் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் கைமாறி, லயங்கள் காலியான காலத்தில், தோட்டத்துப் பிள்ளைகள் பலர் தொழிற்சாலை பஸ் ஏறி ஷிஃப்ட் வேலைக்குப் போனார்கள். நேஷனலை 2011-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வாங்கியது. அந்த நிறுவனம் 2023-இல் மலாக்காவில் மட்டும் 500 கோடி ரிங்கிட் வரை முதலீடு செய்யப் போவதாக அறிவித்தது.

கிட்டாருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். உலகின் பெரிய மேடைகளில் வால்வு ஆம்பின் இடத்தைப் பிடித்த கருவிகளில் ஒன்று ஃபிராக்டல் கம்பெனியின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ். 2018-இல் வந்த அதன் மூன்றாம் தலைமுறையில் கணக்குப் போடும் மூளை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் சில்லுதான். அந்தக் குறிப்பிட்ட சில்லு மலாக்காவில் பொதியப்பட்டது என்று இங்கே உரிமை கொண்டாடவில்லை. ஆனால் வால்வு யுகத்தில் இந்த மாநிலம் வாங்கும் இடத்தில் மட்டும் இருந்தது. சில்லு யுகத்தில் செய்யும் இடத்திலும் இருக்கிறது. பாஸ் கம்பெனியின் புதிய கிட்டார் பெடல்கள் பலவற்றைத் திருப்பிப் பார்த்தால் ‘மலேசியாவில் தயாரிக்கப்பட்டது’ என்று அச்சிட்டிருக்கும். அவற்றின் உரிமையாளரான ரோலண்ட் கம்பெனி 2014-இல் ஷா ஆலமில் ஆலை தொடங்கியதன் பலன் அது. வால்வு மட்டுமே மெய், டிஜிட்டல் பொம்மை என்று மூக்கைச் சுளிக்கும் மலேசியக் கிட்டார்காரர், சொந்த ஊர்க்காரர்களின் கைவேலையையும் சேர்த்துத்தான் சுளிக்கிறார்.

டிஜிட்டல் போலிக்கு முப்பது வயதாகிறது. அமெரிக்காவின் லைன் 6 கம்பெனி 1996-இல் முதல் மாடலிங் ஆம்பையும், 1998-இல் அவரைக்கொட்டை வடிவத்தில் சிவப்பு ‘பாட்’ கருவியையும் இறக்கியது. பாட் வந்த காலத்தில் அதன் ஒலி ரெக்கார்டிங்கிற்குப் பரவாயில்லை, மேடையில் தட்டையாக இருந்தது. டியூப் பக்தர்களின் நினைவில் தங்கிவிட்டது அந்தத் தட்டை ஒலிதான். அன்றைய சில்லுக்கு அவ்வளவுதான் சக்தி. 2006-இல் ஃபிராக்டலின் முதல் கருவி வந்தது. 2011-இல் ஜெர்மானியர் கிறிஸ்டோஃப் கெம்பர் வேறொரு வழியைத் திறந்தார். ஆம்பின் சுற்றை உதிரி உதிரியாகக் கணக்கில் எழுதுவதற்குப் பதிலாக, எதிரே இருக்கும் நிஜ ஆம்புக்குள் சோதனை ஒலிகளை அனுப்பி, வெளியே வருவதைக் கேட்டு அதன் குணத்தைப் பிடித்துக்கொள்ளும் கருவி அது. ஃபின்லாந்தின் நியூரல் டிஎஸ்பி அதையே செயற்கை நரம்பு வலையால் செய்கிறது. அதன் குவாட் கோர்டெக்ஸ் கருவி இரண்டு கிலோகூட எடை இல்லை.

2013 டிசம்பரில் மெட்டாலிகா குழு ஃபிராக்டல் கருவியோடு அண்டார்டிகாவில் வாசித்தது. சுற்றுச்சூழலைக் கெடுக்கக் கூடாது என்பதால் வெளியே ஒலிபெருக்கியே கிடையாது. கூடாரத்துக்குள் கூடியிருந்தவர்கள் ஹெட்போனில் கேட்டார்கள். உலகிலேயே அதிகம் உறுமும் கிட்டார் குழுக்களில் ஒன்று, பென்குவின்களுக்குக் கேட்காமல் ஒரு கச்சேரியை முடித்தது. அந்தக் குழு பிறகு மேடைகளிலும் ஃபிராக்டல் கருவிக்கே மாறிக்கொண்டது.

இனி மலாக்காவின் நடைமுறைக்கு வரலாம். முதலில் எடை. ஃபெண்டரின் ட்வின் ரிவெர்ப் வால்வு ஆம்ப் 29 கிலோ. அதே கம்பெனி 2019-இல் இறக்கிய டோன் மாஸ்டர் என்ற டிஜிட்டல் ட்வின் 15 கிலோ. வெளித்தோற்றமும் துணியும் முகப்பும் கிட்டத்தட்ட ஒன்றே. வால்வையே வாழ்வாகக் கொண்ட கம்பெனி, தன் பெருமைக்குரிய ஆம்பைத் தானே டிஜிட்டலில் போலி செய்தது என்பது வழக்கில் பெரிய சாட்சி. ஷிஃப்ட் முடித்து, மோட்டார் சைக்கிளில் கிட்டாரை முதுகில் மாட்டி, மெர்லிமாவிலிருந்து செங் வரை நிகழ்ச்சிக்குப் போகிறவருக்கு 29 கிலோ என்றால் லோரி வாடகை.

அடுத்தது மின்சாரம். தோட்டக் கோயில் திடலில் மேடைக்கு ஜெனரேட்டர்தான். விளக்கும் ஒலிபெருக்கியும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது மின்னழுத்தம் ஏறி இறங்கும். வால்வுக்கு அது ஆகாது. வால்வின் இழைக்குப் பெரும்பாலும் 6.3 வோல்ட், தகட்டுக்கு 300 முதல் 500 வோல்ட். வெளியே ஏறி இறங்கினால் உள்ளே எல்லாம் ஏறி இறங்கும். ஒலியும் மாறும், ஆயுளும் குறையும். அமெரிக்காவிலிருந்து 120 வோல்ட் ஆம்பை ஆசைப்பட்டு வரவழைத்தவர்களுக்கு இன்னொரு தொல்லை: மலேசியாவின் 230 வோல்ட்டைக் குறைக்கத் தனி டிரான்ஸ்ஃபார்மர். அதை மறந்து நேராகச் செருகினால் ஃபியூஸ் கருகுவதோடு போனால் அதிர்ஷ்டம். பெடல் அளவு டிஜிட்டல் கருவிகள் பலவற்றின் அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் தாங்கும்.

மூன்றாவது, வால்வுக்கே பஞ்சம் வரலாம். இன்று கிட்டார் ஆம்புக்கான வால்வுகள் பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா என்று மூன்றே நாடுகளிலிருந்து வருகின்றன. 2022 மார்ச்சில் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்யா ஏற்றுமதித் தடை விதித்ததும், சாரத்தோவ் நகர ஆலையின் வால்வுகளை விற்கும் அமெரிக்கக் கம்பெனி ஆர்டர் எடுப்பதை நிறுத்தியது. பிறகு வழி திறந்தபோது விலை ஏறியிருந்தது. அடிக்கடி மேடையேறும் ஆம்பில் பவர் வால்வுகளை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் சத்தத்தின் அளவு. வால்வு ஆம்பின் அந்த இனிய கரகரப்பு, பெரும்பாலும் பவர் வால்வுகள் மூச்சு வாங்கும்போதுதான் முழுதாக வரும். 30 வாட் வால்வு ஆம்பை அந்த நிலைக்கு ஏற்றினால் கல்யாண மண்டபத்தில் முதல் வரிசைக்குச் சாப்பாடு இறங்காது. பாதி திருகினால் கேட்பது சாதாரணத் தெளிவான ஒலி. ஆக, பல ஆயிரம் வெள்ளி கொடுத்து வாங்கியதன் சிறப்பை மண்டபத்தில் ஒருநாளும் பயன்படுத்த முடியாது. இங்கே டியூப் பக்தி பெருமைக்கு வைத்திருக்கும் நகை.

டிஜிட்டலின் மேல் சொல்லப்படும் குறைகளில் சில பழையவை, சில நியாயமானவை. ஒலி தாமதமாக வருகிறது என்பார்கள். நல்ல கருவியில் தாமதம் சில மில்லி செகண்ட்தான். ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்கவே ஏறக்குறைய மூன்று மில்லி செகண்ட் ஆகிறது. வால்வு ஆம்பை விட்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று வாசிப்பவர் அதைவிட அதிகத் தாமதத்தோடு வாசிக்கிறார், ஆனால் குறை சொல்வதில்லை.

நியாயமான குறை வேறு. வால்வு ஆம்ப் வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால் நின்று காற்றை அசைக்கும். டிஜிட்டல் பெட்டியோ நேராக மிக்சருக்குப் போய்விடும். சவுண்ட் சிஸ்டம்காரர் பாடகருக்கு மட்டும் மானிட்டர் வைத்துவிட்டு, கிட்டார்காரரை மறந்துவிட்டால், அவருக்குத் தன் வாசிப்பே கேட்காது. பிறகு பழி டிஜிட்டல் மேல் விழும். ஆம்பில் மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல மானிட்டர் ஸ்பீக்கர் வாங்குவது, மலாக்கா மேடைக்காரர் செய்யக்கூடிய மிகப் புத்திசாலித்தனமான செலவு. பலர் அதைச் செய்யாமல் அந்தப் பணத்தையும் இன்னொரு பெடலில் போடுகிறார்கள்.

ஸ்பீக்கரைப் பற்றி இன்னொன்று. கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் ஐயாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியை அநேகமாக விழுங்கிவிடும். அந்த விழுங்கல்தான் பாதி அழகு. டிஜிட்டல் கருவியில் ஸ்பீக்கர் போலியை அணைத்துவிட்டு மிக்சரில் செருகினால் கொசு காதில் பாடுவதுபோலக் கேட்கும். ‘டிஜிட்டல் குத்துகிறது’ என்ற புகார்களில் ஒரு பங்கு இந்த ஒரு பட்டனால் வருவது.

வால்வுக்காரர்களின் மிக வலுவான வாதம் ஒலியைப் பற்றியதே இல்லை. அது ஆயுளைப் பற்றியது. அறுபதுகளின் ஆம்பைத் திறந்தால் கம்பியும் கெப்பாசிட்டரும் கண்ணுக்குத் தெரியும். விவரம் தெரிந்த பழைய ரேடியோ மெக்கானிக் சரிசெய்துவிடுவார். பதினைந்து வருடப் பழைய டிஜிட்டல் கருவியின் திரை போனாலோ, கம்பெனி மென்பொருளைக் கைவிட்டாலோ, அது மேசைக்குப் பாரம். இதற்கு டிஜிட்டல் தரப்பில் நல்ல பதில் இல்லை. விலை கூடிய கருவியில் மயங்காமல், நடுத்தர விலையில் வாங்கித் தேயும்வரை வாசிப்பது ஒன்றே வழி.

மலாக்கா மேடையில் டிஜிட்டல் வென்றாயிற்று. ஆனால் வென்ற பிறகு அது எதைப் போலி செய்கிறது? பெட்டியைத் திறந்தால் கலிஃபோர்னியா ஃபெண்டர், லண்டன் மார்ஷல், வோக்ஸ். நூற்றுக்கணக்கான ஒலிகள், எல்லாமே மேற்கிலிருந்து. தோட்டத்து மக்கள் அரை நூற்றாண்டாகக் கேட்டு வளர்ந்த ஒலி ஒன்று அதில் கிடையாது: தென்னை மரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி வழியாக, மேடைப் பேச்சுக்கென்று செய்த ஆம்பில் செருகிய கிட்டார். அடியும் இல்லாமல் உச்சியும் இல்லாமல், நடு ஒலி மட்டும் துருத்திக்கொண்டு செம்பனை வரிசைகளைத் தாண்டிப் போகும் ஒலி. பழைய திரைப்பாட்டு அந்தக் கூம்பில் கேட்டால்தான் திருவிழா என்று உணரும் ஒரு தலைமுறை இன்னும் இருக்கிறது.

அந்த ஒலியைப் பிடிக்க இன்று கெம்பர் வாங்கும் வசதி வேண்டியதில்லை. ஸ்டீவன் அட்கின்சன் எழுதிய நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள் இலவசம். அதன் மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. சில நிமிடச் சோதனை ஒலியைப் பழைய ஆம்புக்குள் அனுப்பி, வெளியே வருவதைப் பதிவு செய்துகொடுத்தால், நரம்பு வலை அதன் குணத்தைக் கற்றுக்கொள்ளும். கூம்பு ஸ்பீக்கரின் முத்திரையை ஒரு மைக்கை வைத்துத் தனியாக எடுக்கலாம். மடிக்கணினியும் சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸும் போதும். மலாக்காவில் பாலிடெக்னிக்கும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. மின்னணுப் படிப்பில் இருக்கும் தமிழ் மாணவர்களுக்கு இது ஒரு வாரக் கடைசி வேலை.

பழைய பெட்டியை எடுத்ததும் பிளக்கில் செருகிவிடக் கூடாது. ஐம்பது வருடக் கெப்பாசிட்டர் வெடிக்கக்கூடும். மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும், தொட்டால் உயிருக்கே ஆபத்து. முதலில் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்பை ஓட்டினால் அதன் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஆகவே புக்கிட் அசாஹான், ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரக் கோயில் நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த திருவிழாவுக்கு முன் ஸ்டோரைச் சுத்தம் செய்யும்போது மூலையில் வால்வு ஆம்போ கூம்பு ஒலிபெருக்கியோ அகப்பட்டால், பழைய இரும்புக்காரருக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள். உங்கள் மேடையில் வாசிக்கும் கிட்டார் பையனுக்கு ஒரு போன் போடுங்கள். அவன் வந்து ஒலியைப் பதிவு செய்துகொண்ட பிறகு நிறுத்து விற்கலாம்.